தூரத்துப் பறவைக்கு ரெலிகன்வேர்ட்டர்: வன்னி வாசகர்களின் கேள்விகள்

மாரிப் பறவைகள் வரத் தொடங்கினால், லென்சுக்கும் கமராவுக்கும் நடுவில் பூட்டி படத்தைப் பெருப்பிக்கும் ரெலிகன்வேர்ட்டர் பற்றிய கேள்விகளும் கூடவே வரத் தொடங்கிவிடும். இந்தமுறை வந்தவற்றில் சில.

அண்ணை, என்னட்டை கனன் 1300டி கமராவும் 55-250 லென்சும் இருக்கு. 2 மடங்கு கன்வேர்ட்டர் பூட்டினால் இரணைமடுவில் நடுக்குளத்துக் கூழைக்கடாவைக் கிட்டவா எடுக்கலாமோ? (கிளிநொச்சி)

வாங்க வேண்டாம் தம்பி. கனன் கன்வேர்ட்டரின் முன்கண்ணாடி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். உங்கள் லென்சின் பின்பக்கத்தில் அது நுழைய இடமில்லை. வேறு கம்பனிச் சாமான் ஒன்று பூட்டுப்பட்டாலும் 2 மடங்கு என்றால் 2 ஸ்டொப் வெளிச்சம் போய்விடும், அதாவது காற்பங்குதான் மிஞ்சும். எஃப் எண் கூடக் கூட வெளிச்சம் குறையும்; 250 மில்லிமீற்றரில் எஃப் 5.6 ஆக இருப்பது எஃப் 11 ஆகும். உங்கள் கமராவின் ஓட்டோபோகஸ் எஃப் 5.6 வரைக்கும்தான் ஒழுங்காக வேலை செய்யும். அதற்கு மேல் லென்ஸ் முன்னுக்கும் பின்னுக்கும் ஓடிக்கொண்டிருக்கும், கூழைக்கடா பறந்துவிடும். காசைச் சேர்த்து, பாவித்த 400 மில்லிமீற்றர் லென்ஸ் ஒன்று பாருங்கள். லென்சின் முன்னால் திருகிப் பூட்டும் மலிவுக் கண்ணாடிகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அது பேச்சுக்கே வேண்டாம்.

சோனி 200-600 உடன் 1.4 மடங்கு பூட்டி வங்காலையில் பூநாரை எடுத்தேன். ஒரு படமும் கூராக இல்லை. கன்வேர்ட்டர் பழுதா? (மன்னார்)

நீங்கள் அனுப்பிய படங்கள் எல்லாம் முற்பகல் 10 மணிக்குப் பிறகு எடுத்தவை. பூநாரையின் கால்களை முழு அளவுக்குப் பெருப்பித்துப் பாருங்கள். முழங்காலுக்குக் கீழே கோடு நேராக இல்லை, நெளிகிறது. அடுத்த படத்தில் அதே கால் வேறு இடத்தில் நெளிகிறது. போகஸ் பிழைத்தால் படம் ஒரே மாதிரி மங்கும், இப்படி வளையாது. இது கானல்.

வெயில் ஏறியதும் அந்த வெட்டைவெளி கொதிக்கும். தரையை ஒட்டிய சூடான காற்றும் மேலே உள்ள காற்றும் கலந்து அசைய, ஒளி ஒவ்வொரு கணமும் ஒவ்வொரு பக்கம் வளையும். உங்கள் 600 உடன் 1.4 மடங்கு சேர்ந்தால் 840 மில்லிமீற்றர். அது பறவையைப் பெருப்பிக்கிற அளவுக்கு அந்த அசைவையும் பெருப்பிக்கும். இதற்கு ஷட்டர் வேகமும் மருந்தில்லை, விலைகூடிய லென்சும் மருந்தில்லை. விடியற்காலையில் போங்கள். வெயில் சுடத் தொடங்கினால் கிட்ட நிற்கும் பறவைகளை மட்டும் எடுங்கள். ஏசி போட்ட வாகனத்தின் கண்ணாடியை இறக்கிக்கொண்டு எடுப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை: உள்ளே குளிர், வெளியே வெக்கை, இரண்டும் லென்சின் முகத்தடியிலேயே கலக்கும். ஏசியை நிறுத்திக் கொஞ்ச நேரம் விடுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகும் சந்தேகம் இருந்தால் வீட்டில் சோதியுங்கள். நிழலான சுவரில் ஒரு பத்திரிகைத் தாளை ஒட்டி, 15 மீற்றர் தள்ளி, முக்காலியில் வைத்துக் கன்வேர்ட்டருடனும் இல்லாமலும் எடுங்கள். எழுத்து தெளிவாக விழுந்தால் கன்வேர்ட்டரில் பழுதில்லை. ஒன்று மட்டும்: 600 முனையில் நீங்கள் இப்போது எஃப் 9 இல் நிற்கிறீர்கள். பறக்கும் பறவைக்கு ஷட்டர் வேகத்தை 1/1600 செக்கனில் வைத்தால் ஐ.எஸ்.ஓ. (கமராவின் ஒளியுணர்வு அளவு) ஏறத்தான் செய்யும். ஏறட்டும். அதனால் படத்தில் விழும் புள்ளி இரைச்சலைப் பிறகு குறைக்கலாம், அசைந்த படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

கன்வேர்ட்டர் போடுவதா, படத்தை வெட்டிப் பெருப்பிப்பதா? நிக்கோன் டி7200, 200-500. (வவுனியா)

உங்கள் 24 மெகாபிக்சல் படத்தை 1.4 மடங்குக்கு வெட்டினால் 12 மிஞ்சும். ஏ4 அச்சுக்குத் தாராளம், முகநூலுக்கு மிச்சம். 2 மடங்குக்கு வெட்டினால் 6 தான். கன்வேர்ட்டர் போட்டால் 700 மில்லிமீற்றர், எஃப் 8. உங்கள் கமராவில் அப்போது நடுப் புள்ளி மட்டுமே போகஸ் பிடிக்கும். கிளையில் அசையாமல் இருக்கும் மீன்கொத்திக்கு அது போதும், பறக்கும் செம்பருந்துக்குப் போதாது. என்னைக் கேட்டால், பின்னேர மங்கலில் கன்வேர்ட்டரைக் கழற்றி வைத்துவிட்டு வெட்டுவதுதான் நல்லது.

கனன் ஆர்.எஃப். 100-500 க்கு 1.4 பூட்டினால் 100 க்குத் திரும்ப வருகுதில்லை. (முல்லைத்தீவு)

வராது, அமைப்பே அப்படித்தான். கன்வேர்ட்டரின் மூக்கு லென்சுக்குள் போவதால் 300 ஐத் தாண்டிய பிறகுதான் பூட்டலாம். ஆக உங்களுக்குக் கிடைப்பது 420 இலிருந்து 700 வரை, கடைசியில் எஃப் 10. லென்சைச் சுருக்கிப் பைக்குள் வைக்கவும் முடியாது. நந்திக்கடல் ஓரம் பறவை திடீரென்று கிட்ட வந்தால் அகலமாக எடுக்கவும் வழியில்லை.

தும்பி, வண்ணத்துப்பூச்சிக்கு உதவுமா? (மாங்குளம்)

நன்றாகவே உதவும், பலர் இதை யோசிப்பதில்லை. கன்வேர்ட்டர் போட்டாலும் லென்ஸ் போகஸ் பிடிக்கும் ஆகக்குறைந்த தூரம் மாறாது. கனன் 100-400 இரண்டாம் பதிப்பில், 98 சென்ரிமீற்றரில் பூச்சியின் உருவம் சென்சரில் (கமராவுக்குள் படம் விழும் தகட்டில்) உண்மை அளவின் 0.31 மடங்காக விழும். 1.4 போட்டால் அதே தூரத்தில் ஏறத்தாழ 0.43 மடங்கு. தும்பியைக் கலைக்காமல் சிறகின் நரம்பு வரை எடுக்கலாம். கூராக விழும் ஆழம் மிகக் குறைவு என்பதால் சிறகும் சென்சரும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்குமாறு பக்கவாட்டில் நில்லுங்கள்.

வயல் வரம்பில் நின்று கழற்றிப் பூட்டலாமா? (நெடுங்கேணி)

செம்மண் புழுதியில் வேண்டாம். வீட்டிலேயே முதலில் லென்சில் கன்வேர்ட்டரையும், பிறகு இரண்டையும் சேர்த்துக் கமராவிலும் பூட்டிக்கொண்டு கிளம்புங்கள். கட்டாயம் கழற்ற வேண்டியிருந்தால் கமராவை நிறுத்தி, அதன் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து, காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செய்யுங்கள்.