கல்விக் கடன் தள்ளுபடியானது, வரி எவ்வளவு வரும்?

கேள்வி: வட கரோலினாவில் ராலே பக்கம் இருக்கிறேன். வயது 48, தனி ஆள், ஆண்டுச் சம்பளம் 70,000 டாலர். ஐபிஆர் திட்டத்தில், வருமானத்துக்கு ஏற்ற தவணையாகக் கட்டி வந்த கல்விக் கடனில் மீதி இருந்த 40,000 டாலரைத் தள்ளுபடி செய்துவிட்டதாக 2026-இல் கடிதம் வந்தது. 25 வருடச் சுமை இறங்கியது என்று அழுதே விட்டேன். இப்போது அந்தத் தொகை வருமானமாம், அதற்கு வரியாம். கூட வேலை செய்பவரோ, "நான் முழுசாகக் கட்டினேன், உனக்கு மட்டும் என் வரிப் பணமா?" என்கிறார். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: முதலில் ஒரு தேதியைக் கண்டுபிடியுங்கள். கடிதம் வந்த தேதி வேண்டாம், 25 வருட மாதத் தவணைகளில் கடைசியான, உங்கள் 300-ஆவது தகுதித் தவணை நிறைவான தேதிதான் வேண்டும். எல்லாமே அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

காரணம் இது. அமெரிக்க வரிச் சட்டத்தில், கொடுக்க வேண்டிய கடன் ரத்தானால் அந்தத் தொகை வருமானம். 2021 மார்ச்சில் வந்த கொரோனா நிவாரணச் சட்டம் கல்விக் கடனுக்கு மட்டும் இதிலிருந்து விலக்குத் தந்தது. அந்த விலக்கு 2025 டிசம்பர் 31-உடன் முடிந்துவிட்டது. 2025 ஜூலையில் வந்த பெரிய வரிச் சட்டம், கடன் வாங்கியவர் இறந்தாலோ முழுமையாக உடல் முடியாமல் போனாலோ கிடைக்கும் தள்ளுபடிக்கு மட்டும் விலக்கை நிரந்தரமாக்கியது. அரசு, லாப நோக்கமற்ற நிறுவன ஊழியர்களுக்கான பத்தாண்டுத் திட்டமான பிஎஸ்எல்எஃப் தள்ளுபடிக்கு எப்போதுமே மத்திய வரி கிடையாது. உங்களைப் போல 20, 25 வருடம் கட்டி முடித்தவர்கள்தான் வெளியே நிற்கிறார்கள்.

ஆனால் 2025 அக்டோபரில், ஏஎஃப்டி என்ற ஆசிரியர் சங்கம் தொடுத்த வழக்கில் கல்வித் துறை ஒன்றை ஒப்புக்கொண்டது. கடன் வாங்கியவர் தகுதி பெற்ற நாளையே தள்ளுபடி நாளாக எடுத்துக்கொள்ளும், அலுவலகத் தாமதத்துக்காக அவரை வரியில் மாட்டிவிடாது. அதாவது, உங்கள் 300 தவணை 2025-க்குள் நிறைவாகியிருந்தால், கடிதம் 2026-இல் வந்திருந்தாலும் மத்திய வரி இல்லை. மத்திய அரசின் கல்விக் கடன் தளமான ஸ்டூடன்ட் எய்டில் நுழைந்து தவணைக் கணக்கைப் படம் பிடித்து வையுங்கள். கடனைக் கவனிக்கும் நிறுவனத்திடம் தள்ளுபடி அமலாகும் தேதியை எழுத்தில் கேளுங்கள். போனில் சொல்வது போதாது.

சரி, தேதி 2026-இல்தான் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். 2027 தொடக்கத்தில், ரத்தான கடன் தொகையைக் காட்டும் 1099-சி படிவம் வரும். 70,000-இல் அடிப்படைக் கழிவு 16,100 போக 53,900. அதன்மேல் 40,000 ஏறினால் 93,900. அந்த 40,000 முழுவதும் 22 சதவீத வரிப் படிக்குள்ளேயே விழுகிறது. ஆக மத்திய வரி கூடுதலாக 8,800 டாலர். உங்கள் மாநிலத்தின் விகிதம் 2026-இல் 3.99 சதவீதம், அது இன்னொரு 1,596. மொத்தம் பத்தாயிரத்தைத் தாண்டுகிறது. (டெக்சாஸ், புளோரிடாவில் இருந்திருந்தால் மாநில வருமான வரியே இல்லை.)

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். தள்ளுபடிக்குச் சற்று முன்பு உங்கள் கடன்கள் சொத்துகளைவிட அதிகமாக இருந்திருந்தால், அந்த அதிகப்படி அளவுக்கு வரி இல்லை. 982 படிவத்தில் அதைக் காட்ட வேண்டும். நல்ல விஷயம், தள்ளுபடியான கல்விக் கடனையும் கடன் பக்கம் சேர்க்கலாம். உதாரணமாக கார் 12,000, வங்கியில் 6,000, 401கே ஓய்வூதியக் கணக்கில் 35,000 என்றால் சொத்து 53,000. கல்விக் கடன் 40,000, கார் கடன் 11,000, கிரெடிட் கார்டு 9,000 என்றால் கடன் 60,000. வித்தியாசம் 7,000. மத்திய வரி 33,000-க்கு மட்டும், 22 சதவீதத்தில் 7,260 டாலர்.

இதில் நேர்மையாக இருங்கள். ஓய்வூதியக் கணக்கு கையில் இல்லாத பணம்தானே என்று விட்டுவிட முடியாது, மத்திய வரித் துறையான ஐஆர்எஸ் அதைச் சொத்தாகவே எண்ணுகிறது. நகையும் சொத்து. ஊரில் உங்கள் பெயரில் மனை இருந்தால் அதுவும் சொத்துதான். அந்த மாத வங்கி, கார்டு அறிக்கைகளை இப்போதே எடுத்து வையுங்கள். கேள்வி வரும்போது தேடினால் கிடைக்காது.

கட்டுவது பற்றி: சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிக்க வேண்டும் என்று சொல்லும் டபிள்யூ-4 படிவத்தை வேலை இடத்தில் கொடுத்து, மீதி மாதங்களில் வரிப் பிடித்தத்தைக் கூட்டுங்கள். முடியாவிட்டாலும், 2027 ஏப்ரல் 15-க்குள் கணக்கைத் தாக்கல் செய்துவிடுங்கள். பணம் இல்லை என்று தாக்கல் செய்யாமல் இருப்பதுதான் பெரிய தப்பு. தாக்கல் செய்யாததற்கு அபராதம் மாதம் 5 சதவீதம், செய்துவிட்டுக் கட்டாததற்கு அரை சதவீதம். 50,000 டாலருக்குக் கீழ் பாக்கி என்றால் ஐஆர்எஸ் தளத்திலேயே தவணை கேட்கலாம். அரசின் காப்பீட்டுச் சந்தையில் மானியத்தோடு மருத்துவக் காப்பீடு எடுத்திருந்தால் உடனே கணக்கரைப் பாருங்கள், ஏனென்றால் இந்த வருமான உயர்வில் அந்த மானியமும் திரும்பப் போகலாம்.

இனி உங்கள் சக ஊழியர். அவர் மனதில் இருப்பது 2022 ஆகஸ்டில் பைடன் அறிவித்த 10,000, 20,000 டாலர் தள்ளுபடி. கட்டி முடித்தவர்களுக்கும், கல்லூரிக்கே போகாமல் உழைத்தவர்களுக்கும் அப்போது வந்த கோபத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அது நியாயமான கேள்விதான். ஆனால் அந்தத் திட்டத்தை 2023 ஜூன் 30-இல் உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்று ரத்து செய்துவிட்டது. உங்களுக்குக் கிடைத்தது அதுவல்ல. ஐபிஆர் 2007-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தில் வந்தது. இத்தனை வருடம் கட்டினால் மீதி ரத்து என்பது அதன் நிபந்தனை. நீங்கள் உங்கள் பங்கை 25 வருடம் நிறைவேற்றியிருக்கிறீர்கள்.

இன்னொன்றும் சொல்லலாம். கொரோனா காலத்தில் தொழில்களுக்குத் தரப்பட்ட பிபிபி கடன் சுமார் 800 பில்லியன் டாலர். அதில் பெரும்பகுதி தள்ளுபடியானது, மத்திய வரியும் இல்லை. முதலாளிக்கு இல்லாத வரி, வட்டிக்கே போதாத தவணையைக் கால் நூற்றாண்டு கட்டிய ஒருவருக்கு ஏன் என்று மக்கள் கேட்பதில் எனக்கும் உடன்பாடு உண்டு. சட்டம் மாற வேண்டும் என்று உங்கள் காங்கிரஸ் உறுப்பினருக்கு எழுதுங்கள். அதற்கு முன், இந்த வாரமே, அந்த 300-ஆவது தவணையின் தேதியைப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.