சிகரெட்டை விடுவதற்கு மாத்திரையா, சுயிங்கமா?

வெள்ளவத்தையைச் சேர்ந்த 52 வயது வாசகர் ஒருவர் 30 வருடங்களாக நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 சிகரெட் புகைக்கிறார்; முதலாவதை எழுந்த கையோடு பிளேன்டீயுடன் பற்றவைத்துவிடுவாராம். மூச்சிழுப்புக்குத் தியோபிலின் மாத்திரை எடுக்கும் அவருக்கு இளவயதில் இரு தடவை வலிப்பும் வந்திருக்கிறது. நிக்கோட்டின் சுயிங்கத்தை 4 நாட்கள் மென்றபின், தொண்டை எரிவும் விக்கலும் தாளாமல் நிறுத்திவிட்ட அவர், கனடாவிலுள்ள மைத்துனர் சொன்ன மாத்திரையை வாங்கலாமா என்று கேட்கிறார்.

மைத்துனர் சொன்னது எந்த மாத்திரை என்று நீங்கள் எழுதவில்லை. புப்ரோபியோன் என்றால், வலிப்பு வந்தவர்கள் அதைத் தொடவே கூடாது. வரெனிக்லின் என்றாலும் உங்கள் வைத்தியர் யோசித்தே எழுதுவார். மனநிலையைக் குழப்பிவிடும் என்று அதைப் பற்றி முன்பு எழுந்த அச்சம், எண்ணாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்டு 2016இல் வெளியான பெரிய ஆய்வுக்குப்பின் பெரிதும் தணிந்துவிட்டது. ஆனால் உங்கள் விடயத்தில் தடையாக நிற்பது மனநிலை அல்ல, வலிப்பு.

ஆகவே நிக்கோட்டினே உங்களுக்கு முதற்தெரிவு. சுயிங்கம் உங்களுக்குச் சரிவராமல் போனதற்குக் காரணம், அதைச் சாதாரண சுயிங்கம்போல ஓயாமல் மென்றதாகவே இருக்கவேண்டும். உறைப்பு தெரியும்வரை மெதுவாக மென்று, பின்பு கன்னத்துக்கும் முரசுக்கும் இடையில் ஒதுக்கிவைத்து, உறைப்பு அடங்கியதும் மறுபடி மெல்லவேண்டும். விழுங்கும் உமிழ்நீரோடு வயிற்றுக்குள் போகும் நிக்கோட்டின்தான் எரிவையும் விக்கலையும் தருகிறது. எழுந்த அரை மணித்தியாலத்துக்குள் புகைப்பவருக்கு 2 மில்லிகிராம் போதாது, 4 மில்லிகிராம் வேண்டும். மெல்லுவதற்கு முந்திய 15 நிமிடங்களில் கோப்பியோ பழச்சாறோ சோடாவோ குடிக்கவேண்டாம். இதனுடன், தோலில் ஒட்டும் 21 மில்லிகிராம் நிக்கோட்டின் பட்டையைத் தினமும் புதிய இடத்தில் ஒட்டி, வழக்கமாக 6 வாரங்களுக்குப் பின்னர் 14க்கும் 7க்கும் குறைத்துக்கொண்டு போகலாம். பட்டை நாள் முழுவதும் நிதானமாக வேலைசெய்ய, திடீரென எழும் ஆசையைச் சுயிங்கம் பார்த்துக்கொள்ளும்; ஒன்றை மட்டும் நம்புவதைவிட இரண்டும் சேர்ந்தால் பலன் கூடுதல்.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்குக் கவலை தருகிறது. சிகரெட் புகையிலுள்ள இரசாயனங்கள் ஈரலைத் தூண்டித் தியோபிலினை விரைவாக அழிக்கச் செய்கின்றன. இது நிக்கோட்டினின் வேலை அல்ல என்பதால், பட்டை ஒட்டியிருந்தாலும் புகை நின்ற சில நாட்களிலேயே அதே தியோபிலின் மாத்திரை இரத்தத்தில் அளவுமீறி ஏறத் தொடங்கும். குமட்டல், படபடப்பு, கைநடுக்கம் ஆகியன அதன் அறிகுறிகள். மிக அதிகமானால் வலிப்பும் வரலாம், அதுவும் முன்பு வந்த ஒருவருக்கு. எனவே நாள் குறிக்குமுன்பே, தியோபிலின் எழுதித்தந்த வைத்தியரிடம் புகையை விடப்போவதைச் சொல்லி, மாத்திரையின் அளவைக் குறைப்பது பற்றிக் கேளுங்கள். தேநீரிலுள்ள கஃபீனும் இதே வழியில்தான் அழிகிறது. ஆதலால் பிளேன்டீயையும் பாதியாக்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தேநீர் தந்த படபடப்பைச் சிகரெட் ஏக்கமென்று தவறாக எண்ணிவிடுவீர்கள்.

இடையில் ஒரு சிகரெட் புகைத்துவிட்டால் பட்டையைக் கழற்றி எறியாமல் தொடருங்கள். பேச்சுத் துணை வேண்டுமானால், புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபையின் 1948 என்ற தொலைபேசி இலக்கம் அதற்கென்றே இருக்கிறது.