டெல்லி ஜனவரி மழை எங்கிருந்து வருகிறது?

கேள்வி: என் மகள் டெல்லியில் வேலை பார்க்கிறாள். தை பிறந்த மறுவாரம் போன் செய்து, "இரண்டு நாளாக இங்கே மழை" என்றாள். வடக்கே செப்டம்பரோடு மழை முடிந்துவிடும் என்பார்களே. நம் வடகிழக்குப் பருவமழைதான் அங்கேயும் போகிறதா?
— வாசகி, ஸ்ரீவில்லிபுத்தூர்

பதில்: இல்லை அம்மா. நம் மழை வங்கக் கடலிலிருந்து வருவது. உங்கள் மகள் நனைந்த மழை மத்திய தரைக்கடல் பக்கமிருந்து புறப்பட்டு வந்தது.

நான் பதினோரு குளிர்காலம் டெல்லியில் இருந்தவன். முதல் ஜனவரியில் முனிர்காவில் ஒரு மொட்டைமாடி அறை. ஒரு ராத்திரி திடீரென்று குளிர் விட்டது. ரஜாயை, அதாவது கனத்த பஞ்சுப் போர்வையை, தள்ளிவிட்டுத் தூங்கினேன். காலையில் வீட்டுக்கார அம்மாள், பஞ்சாபிக்காரர், மேற்கே பார்த்துவிட்டு "மஹாவட் வருது, துணியை எடு" என்றார். வானத்தில் பஞ்சைப் பிய்த்துப் போட்டாற்போல் நாலு மேகம்தான். நான் எடுக்கவில்லை. மறுநாள் முழுக்கத் தூறல். அந்தத் துணி காய நாலு நாள் ஆயிற்று.

மஹாவட் என்றால் குளிர்கால மழை. குளிர்காலத்தில் இமயமலைக்குத் தெற்கே, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஒரு வேகக் காற்று ஆறு போல ஓடுகிறது. மத்திய தரைக்கடல் பக்கம் உருவாகும் காற்றழுத்தத் தாழ்வுகள் அதோடு சேர்ந்து ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக வருகின்றன. வரும் வழியில் அரபிக்கடல் ஈரமும் சேரும். மலையில் பனியாகவும் சமவெளியில் மழையாகவும் கொட்டும். மாதத்துக்கு நாலைந்து வரும். எல்லாமே டெல்லியை நனைக்காது. கோடையில் அந்த மேல்காற்று திபெத்துக்கு வடக்கே நகர்ந்துவிடும். அப்புறம் தென்மேற்குப் பருவமழையின் காலம்.

வானிலை அறிக்கையில் இதற்கு 'மேற்கத்திய இடையூறு' என்று பெயர். இடையூறு என்ற சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. வீட்டுக்கார அம்மாளின் தம்பிக்கு ஹரியானாவில் கர்னால் பக்கம் கோதுமை வயல். டெல்லியில் தூறினால் அம்மாள் உடனே தம்பிக்குப் போன் போட்டு, "அங்கேயும் பெய்ததா?" என்று கேட்பார். நவம்பரில் விதைத்த பயிருக்கு ஜனவரியில் ஒரு நல்ல மழை கிடைத்தால் ஒரு முறை நீர் பாய்ச்சும் செலவு மிச்சம். அதே மழை கதிர் முற்றிய பிறகு வந்தால்தான் ஆபத்து. 2015 மார்ச்சில் மழையும் ஆலங்கட்டியும் சேர்ந்து வட இந்தியா நெடுகக் கோதுமையைப் படுக்க வைத்துவிட்டன.

டெல்லியில் ஜனவரி முழுக்கப் பெய்வது சாதாரணமாக 20 மில்லிமீட்டர் அளவுதான். 2022 ஜனவரியில் 88.2 மில்லிமீட்டர் பெய்தது. 1901-க்குப் பிறகு அந்த மாதத்தில் அவ்வளவு பெய்ததில்லை.

மகளிடம் ஒன்று சொல்லுங்கள். மழைக்கு முந்தைய இரவு மேகம் போர்வைபோல மூடிக்கொள்வதால் வெதுவெதுப்பாக இருக்கும். மழை விட்டு வானம் தெளிந்ததும் வடமேற்கிலிருந்து பனிக்காற்று இறங்கும்; ஈரத் தரையில் மூடுபனி கட்டும். உண்மையான குளிர் அப்போதுதான். அந்த நாட்களில் ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். ஊருக்கு வருவதாக இருந்தால் கேட்டுவிட்டுக் கிளம்பட்டும்.

கேள்வி: பனி பார்க்க ஆசைப்பட்டு 2024 ஜனவரி நடுவில் குடும்பத்தோடு குல்மார்க் போனோம். வெறும் புல்தரை! ஏன் அப்படி?
— வாசகர், ஈரோடு

பதில்: மேலே சொன்ன அதே தாழ்வுகள் அந்த வருடம் வலுவாக வரவில்லை. பனி ஜனவரிக் கடைசியில்தான் விழுந்தது. டிசம்பர் 21 முதல் நாற்பது நாளைக் காஷ்மீரிகள் சில்லா கலான் என்பார்கள். அந்தக் கடுங்குளிரில் விழும் பனிதான் உறைந்து நின்று, கோடையில் ஓடையாக இறங்கி, ஆப்பிள் தோட்டத்துக்கும் நெல்வயலுக்கும் போகும். உங்கள் ஏமாற்றம் புரிகிறது. ஆனாலும் அந்த ஜனவரியில் எனக்குக் கவலையாக இருந்தது அந்தத் தோட்டக்காரர்களை நினைத்துத்தான். இன்னொரு முறை போவதாக இருந்தால் பிப்ரவரி முதல் பாதியில் போய்ப் பாருங்கள்.