சக்கரத்தைக் கழற்றாமல் பேட் மாற்றச் சொன்னால்…

கேள்வி: அண்ணாச்சி, நான் பாளையங்கோட்டை. கார் வாங்கி 4 வருஷம், 38,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. காலையில் எடுத்ததும் பிரேக்கில் கிரீச்னு சத்தம் வருது, ரெண்டு தெரு தாண்டினா நின்னுருது. சர்வீஸுக்கு விட்ட இடத்தில் சக்கரத்தைக் கழற்றாமலே, "40,000 ஆகப்போகுது, நாலு சக்கரத்துக்கும் பேட் மாத்திருங்க"ன்னு சொல்றாங்க. மாத்தணுமா? பத்து நாள் கழிச்சு குடும்பத்தோட பாபநாசம் மலை மேல இருக்கிற சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போறோம்.

பதில்: கழற்றிப் பார்க்காமல் சொன்னவர் பேச்சில் பேட் மாற்ற வேண்டாம். கழற்றிப் பார்க்காமல் மலை ஏறவும் வேண்டாம்.

முதலில் அந்த "நாலு சக்கரம்". நம்மூரில் ஓடும் சின்னக் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு முன்னால்தான் டிஸ்க் (சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டு, அதை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிப்பதுதான் பேட்), பின்னால் டிரம். டிரம்முக்குள் இருப்பது பிரேக் ஷூ, பேட் அல்ல. பின்சக்கர இடுக்கில் குனிந்து பாருங்கள். பளபளவென்று தட்டு தெரிந்தால் டிஸ்க், மங்கலாக இரும்புச் சட்டியைக் கவிழ்த்தது போல இருந்தால் டிரம். டிரம் என்றால், இல்லாத பேட்டுக்கு எப்படிக் காசு வாங்குவார் என்று அவரிடமே கேட்டுவிடலாம்.

காலைச் சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம். டிஸ்க் வெறும் இரும்பு. ராத்திரி பனியோ மழையோ பட்டால் மேலே லேசாகத் துரு படியும். நாலு தடவை பிரேக் மிதித்ததும் பேட் அதைத் துடைத்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் இந்தச் சத்தம் இல்லாத கார்தான் அபூர்வம். கவனிக்க வேண்டியது வேறு: நாள் முழுக்க விடாமல் வரும் மெல்லிய கீச்சொலி. பல பேட்களில் ஒரு சின்னத் தகடு இருக்கும், பேட் தேய்ந்ததும் அது டிஸ்கில் உரசிக் கத்தும். எல்லா பேட்டிலும் அது கிடையாது என்பதால், சத்தம் வரவில்லையே என்று சும்மா இருக்கவும் முடியாது. கரகரவென்று அரைத்தால் பேட் தீர்ந்து இரும்பு இரும்பை அறுக்கிறது என்று பொருள். அதற்கு மேல் ஓட்டினால் டிஸ்குக்கும் சேர்த்துச் செலவு.

கிலோமீட்டர் கணக்கு ஒரு உத்தேசம்தான். நாங்குநேரி, வள்ளியூர் வழியாக நாகர்கோவிலுக்கு நான்குவழிச் சாலையில் போய்வருகிறவர் பிரேக்கைத் தொடுவதே குறைவு. அவருக்கு 60,000 தாண்டியும் பேட் இருக்கும். டவுன் ரத வீதியிலும் ஜங்ஷன் நெரிசலிலும் தினம் உருள்கிறவருக்கு 25,000-லேயே தீரலாம். ஒரே மாடல், ஒரே வருஷம், ஆனாலும் அப்படித்தான்.

ஆகவே கனத்தைப் பாருங்கள். புது பேட் சுமார் 10 முதல் 12 மில்லிமீட்டர் இருக்கும். 3 மில்லிக்கு வந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும். இரண்டு பத்து ரூபாய் நாணயத்தை அடுக்கினால் அதைவிடக் கொஞ்சம் கூட வரும், அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள் (கடையில் வாங்க மறுக்கிற காசுக்கு இப்படியும் ஒரு உபயோகம்). பின்னால் ஒட்டியிருக்கும் இரும்புத் தகட்டைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. இன்னொன்று, சக்கர இடுக்கு வழியாகத் தெரிவது வெளிப்பக்க பேட் மட்டும். காலிப்பர் (பேட்டைப் பிடித்து அழுத்தும் கவ்வி) நகர்கிற ஊசி இறுகியிருந்தால் உள்பக்கத்து பேட் முன்னாலேயே தேய்ந்துபோகும். வெளியே பாதி கனம் இருக்க, உள்ளே தகடு வரை தேய்ந்த கார்களை நான் கழற்றியிருக்கிறேன். அதனால்தான் சக்கரத்தைக் கழற்றிக் காட்டச் சொல்கிறேன், இரண்டு முன்சக்கரத்தையும்.

பிரேக் ஆயில் டப்பாவையும் ஒரு தடவை எட்டிப் பாருங்கள். பேட் தேயத் தேய, அதைத் தள்ளும் பிஸ்டன் காலிப்பரிலிருந்து வெளியே வரும், ஆயில் மட்டம் மெல்ல இறங்கும். இறங்கியதைப் பார்த்ததும் சிலர் ஊற்றி நிரப்பிவிடுவார்கள். அப்புறம் புது பேட் போடும்போது பிஸ்டனை உள்ளே தள்ள, ஆயில் பொங்கி வழிந்து பெயின்ட்டை உரித்துவிடும். மட்டம் திடீரென்று இறங்கினால் அது தேய்மானம் இல்லை, எங்கோ கசிவு. வண்டியை எடுக்கவே கூடாது.

பிரேக் பிடிக்கையில் ஸ்டியரிங் நடுங்கினால் டிஸ்கைச் சந்தேகப்படுங்கள். ஒரு பக்கம் இழுத்தால் காலிப்பரை.

மாற்றத்தான் வேண்டும் என்றால் இடது வலது இரண்டுக்கும் சேர்த்தே மாற்றுங்கள், அதுவும் இந்த வாரமே. புது பேட் டிஸ்கோடு படிய 200, 300 கிலோமீட்டர் ஓட வேண்டும். அதுவரை பிடிப்பு முழுதாக இருக்காது. முந்தின நாள் மாற்றிவிட்டு நேரே பாபநாசம் செக்போஸ்ட் தாண்டக் கூடாது. கோயிலிலிருந்து இறங்கும்போது இரண்டாவது கியரில் வாருங்கள், பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே வராதீர்கள். கருகல் வாடை வந்து, மிதித்தால் பெடல் மெத்தென்று உள்ளே போனால் ஓரங்கட்டி அரைமணி நேரம் ஆறவிடுங்கள். அவசரப்பட்டு மேலே தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள், சூட்டில் இருக்கும் டிஸ்க் கோணிப்போகும்.