விளையாட்டு விக்கியில் எழுதப் புகுவோர்க்கு: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் கணினி விளையாட்டுகளுக்கான விக்கித் தளங்களைப் பற்றி வெளியான சிறு குறிப்பைப் படித்துவிட்டு மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து வாசகர்கள் எழுதிய கடிதங்களில் சிலவற்றுக்கு இம்மாதம் பதிலளிக்கிறோம். அக்குறிப்பைத் தவறவிட்டோர்க்காக ஒரு வார்த்தை: படிக்க வருபவர் எவரும் ‘தொகு’ என்பதை அழுத்தித் திருத்தக்கூடிய இணையத்தளமே விக்கி. 1995ஆம் ஆண்டு வார்ட் கன்னிங்ஹாம் என்ற அமெரிக்க நிரலாளர் முதலாவது விக்கியைத் தொடங்கியபோது, ஹொனலுலு விமான நிலையத்தில் ஓடிய ‘விக்கி விக்கி’ பேருந்தின் பெயரை அதற்குச் சூட்டினார். ஹவாய் மொழியில் ‘விரைவு’ என்பது அதன் பொருள்.

கேள்வி: பெரியப்பாவின் மகன் தந்த பழைய கணினியில், நிலத்தைத் தோண்டிப் பொருள் சேர்க்கும் மைன்கிராஃப்ட் என்னும் விளையாட்டை விளையாடுகிறேன். வைரம் தேடுவதற்கு ஏற்ற மட்டம் (உயரத்தைக் குறிக்கும் எண்) -59 என்று விக்கியில் இருந்தது. நான் தோண்டிய சுரங்கங்களில் எல்லாம் 11ஆம், 12ஆம் மட்டங்களிலேயே வைரம் கிடைத்ததால் அதைத் திருத்தினேன். ஒரு மணித்தியாலத்துக்குள் யாரோ பழையபடி மாற்றிவிட்டார். நான் மறுபடி திருத்த, அவரும் மறுபடி மாற்றினார். கண்ணால் கண்டதை எழுதியது பிழையா?
— உயர்தர மாணவர், களுவாஞ்சிக்குடி

பதில்: கண்டதில் பிழையில்லை, தம்பி. எந்தப் பதிப்பில் கண்டீர்கள் என்பதைச் சொல்லாமல் விட்டதுதான் பிழை. மைன்கிராஃப்டின் 1.18ஆம் பதிப்பு 2021 நவம்பர் 30ஆம் திகதி வெளிவந்தது. அதற்கு முன்பு அவ்வுலகத்தின் அடித்தளம் 0ஆம் மட்டத்தில் இருந்தது. வைரம் 16ஆம் மட்டத்துக்குக் கீழேதான் கிடைத்தது. 10ஆம் மட்டத்திலும் அதற்குக் கீழும் உள்ள குகைகளை எரிகுழம்பு நிரப்பி நின்றதால், அனுபவசாலிகள் அதற்குச் சற்று மேலே 11இலும் 12இலும் தோண்டினார்கள். 1.18இல் அடித்தளம் -64க்கு இறங்கியது. ஆழம் கூடக் கூட வைரமும் கூடும்படி பரம்பலும் மாற்றப்பட்டது. ஆகக் கீழேயுள்ள ஐந்து மட்டங்களில் உடைக்க முடியாத பாறை கலந்திருப்பதால், அதற்கு நேர் மேலே உள்ள -59 வசதியான இடமாயிற்று. உங்கள் பழைய கணினியில் ஓடுவது 1.18க்கு முந்திய பதிப்பாகத்தான் இருக்க வேண்டும். தொடக்கத் திரையின் கீழ் மூலையில் பதிப்பு எண் இருக்கும். கணினிக்கென வந்த ஜாவா பதிப்பானால் விளையாட்டின் நடுவிலும் எஃப்3 விசையை அழுத்திப் பார்க்கலாம்.

ஆகவே உங்களை மறுத்தவர் சொன்னதும் சரி, நீங்கள் கண்டதும் சரி. விளையாட்டு விக்கியில் எழும் சண்டைகளில் பெரும்பங்கு இந்த வகையைச் சேர்ந்ததே என்பது என் அனுபவம். விளையாட்டு மாறிக்கொண்டே இருக்கும் பொருள். அதைப் பற்றிய எந்த எண்ணும் பதிப்பைச் சேர்த்துச் சொன்னால்தான் உண்மையாகும். மைன்கிராஃப்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. கணினிக்கான ஜாவா பதிப்பும், கைத்தொலைபேசி முதலியவற்றில் ஓடும் பெட்ராக் பதிப்பும் பல நுணுக்கங்களில் வேறுபடுகின்றன. ஒன்றில் கண்டதை மற்றதற்கும் பொதுவாக்கி எழுதக் கூடாது.

இனிச் செய்ய வேண்டியது என்ன? மூன்றாம் முறை திருத்தாதீர்கள். விக்கிப்பீடியாவில் 24 மணித்தியாலத்துக்குள் ஒரே பக்கத்தில் மூன்று தடவைக்கு மேல் பிறர் செய்த மாற்றத்தை மீளமைப்பவரின், அதாவது பழையபடி ஆக்குபவரின், கணக்கு முடக்கப்படலாம். விளையாட்டு விக்கிகள் தத்தமக்கு விதி வைத்திருந்தாலும், இரண்டாம் முறையிலேயே நிறுத்திக்கொள்வது நாகரிகம். முதலில் அப்பக்கத்தின் ‘வரலாறு’ என்னும் பகுதியைத் திறந்து, மீளமைத்தவர் தொகுப்புச் சுருக்கத்தில் எழுதிய காரணத்தைப் படியுங்கள். அங்கே ‘குறியீடு மாதிரி ஏதோ’ இருந்ததாக நீங்கள் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருப்பது பெரும்பாலும் அந்தச் சுருக்கமாகத்தான் இருக்கும். பிறகு ‘உரையாடல்’ பக்கத்துக்குச் சென்று, உங்கள் பதிப்பு எண்ணையும், எத்தனை சுரங்கங்களில் எந்த மட்டத்தில் கண்டீர்கள் என்பதையும் எழுதி, முடிவில் நான்கு அலைக்குறிகளை (~~~~) இடுங்கள். அவை உங்கள் பயனர் பெயராகவும் நேரமாகவும் மாறிவிடும். பழைய பதிப்பில் விளையாடுவோருக்கு உங்கள் தகவல் இன்றும் தேவை. அதற்குரிய இடம் பக்கத்தின் தலைப்பகுதி அன்று. எந்தப் பதிப்பில் எது மாறியது என்று நிரல்படுத்தும் பகுதியே.

கேள்வி: மைன்கிராஃப்டில் விதர் எலும்புக்கூடு என்னும் எதிரியைக் கொன்றால் அதன் மண்டையோடு கிடைப்பதற்கு 2.5 வீத வாய்ப்பு என்று விக்கி சொல்கிறது. நாற்பதைக் கொன்றும் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. கணக்குப்படி ஒன்றாவது கிடைத்திருக்க வேண்டும். ‘இது பொய்’ என்று குறிப்பெழுதலாமா?
— வாசகர், சம்மாந்துறை

பதில்: எழுத வேண்டாம். நாற்பதில் ஒன்று என்பது சராசரி. நாற்பதுக்கு ஒன்று கட்டாயம் என்று அதற்குப் பொருளில்லை. ஒரு முறை கிடைக்காமல் போவதற்கான வாய்ப்பு 97.5 வீதம். அதை நாற்பது தடவை தன்னோடு தானே பெருக்கினால் ஏறத்தாழ 36 வீதம் வரும். உங்களைப் போல நாற்பதைக் கொல்பவர்களில் மூவரில் ஒருவருக்கு மேல் வெறுங்கையோடு திரும்புவார்கள் என்பதே இதன் பொருள். நூறைக் கொன்றாலும்கூட ஏறத்தாழ 8 வீதத்தினருக்கு எதுவும் கிடைக்காது. ஒரு வட்டையில் ஒரு வயல் இந்தப் போகம் பொய்த்ததை வைத்து அம்பாறை மாவட்டத்து விளைச்சலையே குறைத்து எழுதினால் கமநல அலுவலர் ஏற்றுக்கொள்வாரா?

இதைச் சற்று விரித்துச் சொல்லக் காரணம் உண்டு. விக்கிப்பீடியாவில் சொந்த ஆய்வுக்கு இடமில்லை. வேறெங்காவது வெளியான நம்பகமான மூலம் வேண்டும். பெரும்பாலான விளையாட்டு விக்கிகளில் நிலைமை வேறு. விளையாடிச் சோதித்தறிவதே அங்கு முக்கியமான மூலம், ஏனென்றால் பல சங்கதிகளை நூலோ செய்தித்தாளோ எழுதியிருக்காது. அந்தச் சுதந்திரத்தோடு ஒரு கடமையும் வருகிறது: சோதனையை இன்னொருவர் திரும்பச் செய்து பார்க்கும்படி எழுத வேண்டும். எந்தப் பதிப்பு, எத்தனை தடவை, வாளில் என்ன மந்திரம் ஏற்றியிருந்தது என்பவை எல்லாம் வேண்டும். ‘லூட்டிங்’ என்னும் மந்திரத்தின் மூன்றாம் நிலை இருந்தால் மேற்சொன்ன 2.5 வீதம் 5.5 ஆகிவிடும், அதைக் குறிப்பிடாத கணக்கு எத்தனை பெரிதாயினும் பயனில்லை. கிடைக்காத தடவைகளையும் விடாமல் எண்ண வேண்டும். கிடைத்த அன்று மட்டும் கொப்பியை எடுப்பவரின் கணக்கு எப்போதும் கூடித்தான் நிற்கும்.

சோதனையைவிட வலுவான சான்றும் ஒன்று உண்டு. ஜாவா பதிப்பில் எந்த உயிரைக் கொன்றால் என்ன பொருள் எந்த வாய்ப்பில் விழும் என்பது விளையாட்டின் கோப்புகளுக்குள்ளேயே எழுத்து வடிவில் இருக்கிறது. விக்கியில் உள்ள எண் அங்கிருந்து எடுக்கப்பட்டதானால், நாற்பது அல்ல, நானூறு தடவை முயன்றவரும் அக்கோப்பைப் பார்க்காமல் அதை மாற்றக் கூடாது.

கேள்வி: எமது மாணவர் சிலர் ஸ்டார்டியூ வேலி என்னும் விளையாட்டுக்குத் தமிழில் விக்கி தொடங்க விரும்புகிறார்கள். ஆங்கிலப் பக்கங்களை இயந்திர மொழிபெயர்ப்பில் இட்டால் ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்கிறார்கள். பயிர்களின் பெயர்களைத் தமிழில் எழுதுவதா, திரையில் உள்ளபடி எழுதுவதா என்று அவர்களுக்குள் தகராறு வேறு.
— ஆசிரியை, கல்லடி

பதில்: மாணவர்களின் ஆர்வத்தைப் பாராட்டுகிறேன், ஆசிரியை அவர்களே, அந்த ஒரு வாரத் திட்டத்தை மட்டும் கைவிடச் சொல்லுங்கள். 2016 பெப்ரவரி 26ஆம் திகதி வெளியான இந்த விளையாட்டை எரிக் பரோன் என்ற ஒருவரே படம், இசை, நிரல் எல்லாவற்றையும் தாமே செய்து உருவாக்கினார். கமச்செய்கையே அதன் மையம். இயந்திரம் அதிலுள்ள ‘ஸ்பிரிங்’ பருவத்தை நீரூற்று என்றோ சுருள்வில் என்றோ பெயர்த்துவிட்டால், படிக்கும் பிள்ளை சுருள்வில்லில் என்ன பயிரிடுவது? மைன்கிராஃப்டில் வெடிக்கும் க்ரீப்பர் அதே வழியில் படரும் கொடியாகிவிடும். அவ்வாறு பதிவேற்றிய இருநூறு பக்கங்களைத் திருத்துவது, புதிதாக இருநூறு எழுதுவதைவிடக் கடினம்; யாரும் அதற்கு முன்வரவும் மாட்டார்கள்.

ஐந்து பயிர்களை மட்டும் எடுத்துக்கொள்ளட்டும். ஒவ்வொருவரும் ஒன்றை விளையாட்டுக்குள் நட்டு, நாளை எண்ணி, விற்ற விலையைக் குறித்து எழுதட்டும். உதாரணமாக, பார்ஸ்னிப் விதை 20 காசு. நான்கு நாளில் விளையும். சாதாரணத் தரமானால் 35 காசுக்கு விலைபோகும். இப்படித் தாமே கண்டெழுதிய ஐந்து பக்கங்களே அந்த விக்கிக்கு அத்திவாரம்.

பெயர்த் தகராறுக்கு வருவோம். இவ்விளையாட்டு தமிழில் வெளிவரவில்லை. ஆகவே பிள்ளை திரையில் காண்பதும் தேடுவதும் ஆங்கிலப் பெயரைத்தான். பார்ஸ்னிப்புக்கு எம்மிடையே வழங்கும் பெயரும் இல்லை. அதைப் ‘பார்ஸ்னிப்’ என்றே தலைப்பிட்டு, கரட் போன்ற வெளிறிய கிழங்கு என்று முதல் வரியில் விளக்குவது நேர்மையானது. நன்கறிந்த தமிழ்ப் பெயர் இருக்கும் இடத்தில் அதைத் தயங்காமல் இடலாம். நாம் சோளன் என்பதைத் தமிழ்நாட்டார் மக்காச்சோளம் என்பார்கள். இதற்கென்று எவரும் மல்லுக்கட்ட வேண்டியதில்லை, விக்கியில் ‘வழிமாற்று’ என்றொரு வசதி இருக்கிறது. ஒரு பெயரில் கட்டுரையை வைத்து, மற்றப் பெயர்களிலும் ஆங்கில ஒலிபெயர்ப்பிலும் தேடுவோர் அங்கேயே வந்துசேரும்படி செய்துவிடலாம். பருவத்தைப் ‘போகம்’ என்று எழுதலாமா என்று உங்கள் மாணவி ஒருவர் கேட்டிருப்பதைப் படித்தபோது எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. எமக்குப் பெரும்போகம், சிறுபோகம் என இரண்டே. அங்கு 28 நாள் கொண்ட பருவங்கள் நான்கு. ஆகவே ‘பருவம்’ என்றே இருக்கட்டும்.

உரிமம் பற்றியும் ஒரு சொல். ஆங்கில விக்கிகள் பலவற்றின் எழுத்து கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் கீழ் வெளியாகிறது. மொழிபெயர்ப்பதற்கு அது இடம் தரும். ஆனால் மூலத்தைக் குறிப்பிட வேண்டும். பெரும்பாலும் அதே உரிமத்தில் வெளியிடவும் வேண்டும். சில தளங்கள் வணிக நோக்கில் பயன்படுத்துவதைத் தடுக்கின்றன. பக்கத்தின் அடியில் உள்ள உரிமக் குறிப்பை வாசித்து, மூலப் பக்கத்தின் முகவரியை முதல் தொகுப்புச் சுருக்கத்திலேயே இடும் பழக்கத்தை மாணவர்க்கு ஊட்டுங்கள்.

கேள்வி: விக்கியில் இடுவதற்குத் திரையைக் கைத்தொலைபேசியால் படம் எடுக்கலாமா?
— வாசகர், அக்கரைப்பற்று

பதில்: கூடாது. வெளிச்சம் பட்டுத் திரை கோடுகோடாகத் தெரியும். ஜாவா மைன்கிராஃப்டில் எஃப்1 விசை பட்டைகளையும் எண்களையும் மறைக்கும், எஃப்2 படம் பிடிக்கும். கிடைக்கும் பிஎன்ஜி கோப்பை அப்படியே பதிவேற்றுங்கள். பொருள் விளங்கும் கோப்புப் பெயர் இடுங்கள்.

கேள்வி: தரம் 7இல் படிக்கும் என் மகன் ஒரு விளையாட்டு விக்கியில் கணக்குத் தொடங்க அனுமதி கேட்கிறான். பயப்பட வேண்டுமா?
— தாய், ஆரையம்பதி

பதில்: அம்மா, விக்கியில் எழுதுவதால் பிள்ளைக்கு நன்மையே அதிகம். ஆனாலும் சில காரியங்களை முதலிலேயே தீர்மானித்துவிடுங்கள். விளையாட்டு விக்கிகள் பலவற்றை நடத்தும் ஃபேண்டம் தளத்தில் 13 வயது நிரம்பாதவர் கணக்குத் தொடங்க முடியாது. மகனுக்கு இன்னும் 12 வயதென்றால் அவன் காத்திருக்கத்தான் வேண்டும், பிறந்த ஆண்டை மாற்றி எழுத விடாதீர்கள். கணக்கில்லாமலே தொகுக்கலாமே என்று அவன் சொல்லக்கூடும். அப்படித் தொகுத்தால் பல விக்கிகளில் உங்கள் வீட்டு இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணான ஐபி முகவரி எல்லோரும் பார்க்கும்படி பக்கத்தின் வரலாற்றில் பதிவாகிவிடும்.

பயனர் பெயரில் சொந்தப் பெயர், பாடசாலை, ஊர் எதுவும் வேண்டாம். உரையாடல் பக்கம் தனிப்பட்ட அரட்டை அன்று. அங்கு எழுதியதை அழித்தாலும் பழைய வடிவம் வரலாற்றில் இருக்கும். வேறு செயலிக்கு வந்து பேசும்படி யாராவது அழைத்தால் உங்களிடம் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: ஒரு பக்கத்தை மூன்று இரவு விழித்திருந்து எழுதினேன். இப்போது அதில் என் வசனம் ஒன்றுகூட இல்லை, எல்லாவற்றையும் வேறொருவர் மாற்றிவிட்டார். பக்கத்தையே நீக்கச் சொல்லிக் கேட்கலாமா?
— வாசகர், பொத்துவில்

பதில்: கேட்கலாம், ஆனால் நீக்க மாட்டார்கள். சேமிக்கும் பொத்தானை அழுத்திய கணத்திலேயே, பிறர் திருத்தவும் பகிரவும் கூடிய உரிமத்துக்கு ஒப்புக்கொண்டுவிட்டீர்கள்; அதைத் திரும்பப் பெற முடியாது. எங்கள் ஊர்க் கூத்துக் கொப்பிகளை நினைத்துப் பாருங்கள். ஒரு அண்ணாவியார் எழுதி வைத்ததை அடுத்தவர் படியெடுக்கும்போது ஒரு விருத்தத்தைக் குறைத்தார், ஒரு தருவைக் கூட்டினார். முன்னவர் எழுதிய வரி எது என்று பிறகு யாருக்கும் தெரியவில்லை. விக்கியில் அந்தக் குறை இல்லை. ‘வரலாறு’ பகுதியின் அடிக்குச் சென்றால் பக்கத்தைத் தொடங்கியவராக உங்கள் பயனர் பெயர் திகதியோடு இருக்கும். நீங்கள் எழுதிய முழு வடிவத்தையும் இன்றும் திறந்து படிக்கலாம்.

அதைத் திறந்து, இப்போதுள்ள பக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மாற்றியவர் நடையை மட்டும் மாற்றியிருந்தால் விட்டுவிடுங்கள். நீங்கள் சோதித்து எழுதிய தகவல் எதுவும் விடுபட்டிருந்தால் அந்த ஒன்றை மட்டும் உரிய இடத்தில் மீண்டும் சேர்த்து, ஏன் சேர்த்தீர்கள் என்பதைச் சுருக்கத்தில் எழுதுங்கள்.