சில மத நாளிதழ்களில் பெண்கள் படமே இருக்காதாமே, ஏன்?

இஸ்ரேலில் ஹரேதி எனப்படும் கடும் ஆசார யூதர்களின் 'ஹமெவாசேர்', 'யாதெத் நெஎமான்' போன்ற நாளிதழ்கள் பெண்களின் புகைப்படத்தை அச்சிடுவதில்லை. காரணம், 'த்ஸ்னியுத்' என்ற அடக்க நெறி. ஆணின் கண்ணுக்குப் பெண்ணுருவம் படக்கூடாது என்று அதைக் கடுமையாக்கிக்கொண்டார்கள்.

ஓரத்தில் நிற்கும் பெண்ணை வெட்டிவிடலாம். நடுவில் நின்றால் பின்னணியை நகலெடுத்து மேலே ஒட்ட வேண்டும். அப்போது கோத்த கை அந்தரத்தில் நிற்கும், நிழல் பொருந்தாது. 2015 ஜனவரியில் பயங்கரவாதத் தாக்குதலைக் கண்டித்து உலகத் தலைவர்கள் நடத்திய பாரிஸ் பேரணியின் படத்திலிருந்து அப்போதைய ஜெர்மனி சான்சலர் (அரசின் தலைவர்) ஏஞ்சலா மெர்க்கலையே ஹமெவாசேர் நீக்கியது, மூலப்படம் உலகமெங்கும் வெளியாகியிருந்ததால் உடனே அகப்பட்டது. குடும்பப் படத்திலிருந்து மருமகளை வெட்டினால், அவர் அன்று வரவேயில்லை என்றுதானே பேரப்பிள்ளைகள் நம்புவார்கள்? நெறி எதுவாயினும், செய்திப்படத்தில் இது பொய்.

மதச்சார்பற்ற இதழ்கள் நீக்குவதில்லை, ஆனால் சட்டகத்தை வேறுமாதிரி வைக்கின்றன. உச்சந்தலை முதல் தாடை வரையுள்ள நீளத்தை, உச்சந்தலை முதல் படத்தில் தெரியும் உடலின் கடைசிவரை உள்ள நீளத்தால் வகுத்தால் முக விகிதம் வரும். 1983-இல் ஆய்வாளர் டேன் ஆர்ச்சரின் குழு அமெரிக்க இதழ்களில் அளந்தபோது ஆண்களுக்கு 0.65, பெண்களுக்கு 0.45. ஆணுக்கு முகம், பெண்ணுக்கு உடல். முகம் நிறைந்த படத்தில் அறிவாளி, முழு உருவத்தில் அலங்காரம் என்று வாசகர் மனம் தானாகப் படித்துக்கொள்கிறது.

எல்லா யூத மத இதழ்களும் இப்படித்தான் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் மதச் சார்புள்ள 'மகோர் ரிஷோன்' இதழ் பெண்களின் படங்களை வழக்கமாகவே வெளியிடுகிறது.