1,23,45,678-இன் காரணிகள்: எந்த இடத்தில் நிறுத்துவது?

கேள்வி: 1,23,45,678-ஐக் கையால் பகாக் காரணிப்படுத்திப் பார்த்தேன். 2, 3, 3 என்று வகுத்ததும் 6,85,871 மிஞ்சியது. 43 வரை எந்தப் பகா எண்ணாலும் அது வகுபடவில்லை. அப்படியானால் அது பகா எண்தானா? மொத்தம் எத்தனை காரணிகள்?

பதில்: பகா எண் இல்லை. இன்னும் ஒரே ஒரு படி போயிருந்தால் உடைந்திருக்கும்: 6,85,871 = 47 × 14,593.

"ரொம்ப நேரம் வகுபடவில்லை" என்பது நிறுத்தக் காரணம் ஆகாது. வர்க்கமூலம்தான் எல்லை. 6,85,871-இன் வர்க்கமூலம் 828-ஐச் சற்றே தாண்டும். இரு காரணிகளும் அதைவிடப் பெரியவையாக இருந்தால் பெருக்கற்பலன் எண்ணையே மிஞ்சிவிடும். அதனால் ஒன்றாவது 828-க்குள் இருந்தாக வேண்டும்.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. 1,23,45,678-இன் வர்க்கமூலமான 3,513-ஐயே கடைசி வரை எல்லையாக வைத்துக்கொண்டு நானூறுக்கும் மேற்பட்ட பகா எண்களோடு மல்லுக்கட்டுவார்கள். தேவையே இல்லை. ஒவ்வொரு முறை வகுபட்டதும் எல்லையைத் திரும்பக் கணக்கிடுங்கள். 14,593-க்கு அது 120-தான். 47-க்குக் கீழ் உள்ளவற்றை மறுபடி தொட வேண்டாம்: அவை 14,593-ஐ வகுத்தால் 6,85,871-ஐயும் வகுத்திருக்கும். ஆனால் 47-ஐ விட்டுவிடாதீர்கள்; அது இரண்டாம் முறையும் வரலாம். ஆக 47 முதல் 113 வரை 16 பகா எண்கள். 89-இல் கொஞ்சம் கவனம்: 89 × 164 = 14,596, மூன்று அதிகம். அவசரத்தில் வகுபட்டதாகத் தோன்றும். 16-இலும் மீதி வருவதால் 14,593 பகா எண்.

1,23,45,678 = 2 × 3² × 47 × 14,593

காரணிகளின் எண்ணிக்கைக்கு ஒவ்வொரு அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்குங்கள்: 2 × 3 × 2 × 2 = 24. இதில் 1-உம் அந்த எண்ணும் அடக்கம்.

காரணிகளின் கூடுதல்: (1 + 2) × (1 + 3 + 9) × (1 + 47) × (1 + 14,593), அதாவது 3 × 13 × 48 × 14,594 = 2,73,19,968. வழுக்கும் இடம் அந்த 13. 3²-க்கு 1 + 3 + 9 என்று போட வேண்டும். (1 + 3)-ஐ இருமுறை பெருக்கி 16 என்று எழுதினால் விடை எகிறிவிடும். எண்ணைக் கழித்தால் மற்ற காரணிகளின் கூடுதல் 1,49,74,290. எண்ணைவிடவே பெரிது.

இலக்கங்களின் கூடுதல் 36 என்பதால் 9-ஆல் வகுபடும், சரி. 36-ஐ 4 வகுக்கிறதே என்று எண்ணையும் 4 வகுக்கும் என முடிவுகட்டாதீர்கள். அதற்குக் கடைசி இரு இலக்கங்களைத்தான் பார்க்க வேண்டும், 78 வகுபடாது.

கேட்காத ஒன்று: இந்த எண்ணை இரு வர்க்கங்களின் கூடுதலாக எழுத முடியுமா என்று முயல வேண்டாம். 47-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 3. அப்படிப்பட்ட பகா எண் ஒற்றைப்படை அடுக்கில் வந்தால் அது நடக்காது. 3-உம் அந்த வகைதான், ஆனால் அடுக்கு 2 என்பதால் அது தடையில்லை.